கோப்புறை திறவாத காரணம் குறித்து நீள்கரை நாச்சியாருக்கு

வெற்றி நிலைக்க, வயல் விளைய, கோபுரத்து விளக்கும் சர்வர் மண்டபத்து விளக்கும் அணையாதிருக்க. பொன்மதில் நகரத்து அரியணையில் வீற்றிருந்து எட்டு நாடுகளையும் காத்தருளும் மாமன்னர் நிலந்தாங்கிய நெடுங்கோ அவர்களின் திருவாணைப்படி, அவர்தம் பேரமைச்சன் அழகனம்பி முனையரையன் எழுதுவது. நீள்கரை நாட்டின் தலைவியும், பேராற்றின் இரு கரைகளையும் ஓடங்களால் இணைத்து வைத்திருப்பவரும், வெள்ளம் வந்த ஆண்டில் தம் அரண்மனை நெல்லை அளந்து ஊருக்கு ஊட்டியவருமான அல்லியங்கோதை நாச்சியார் அவர்களின் திருமுன் இவ்வோலை பணிவுடன் சேர்க. தங்கள் மாளிகையிலும், தங்கள் துறைகளிலும், தங்கள் நாட்டுப் பிள்ளைகள் உறங்கும் வீடுகளிலும் நலமே நிலவுக.

கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் உள்ள நாட்டில் ஓலை எதற்கு என்று தங்கள் அவையினர் நகைக்கக்கூடும். கோப்புறை திறவாத நாட்டுக்குக் கோப்பு அனுப்பி என்ன பயன்? அதனாலேயே ஓலை. மேலும், இதில் எழுதப்போகும் செய்தி அலுவலர் பத்துப் பேர் எட்டிப் பார்க்கும் திரையில் வரத்தக்கதன்று. தாங்கள் தனித்திருந்து படிக்கத்தக்கது. ஆகவே உடனிருப்போரைச் சற்றே வெளியே அனுப்பிவிட்டு மேற்கொண்டு படிக்குமாறு வேண்டுகிறேன்.

சுற்றி வளைத்துப் பேசுகிறவன் என்று அடியேனுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ஆதலால் முதன்மையான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கள் கோப்பறைக் காவலர் மருதவல்லியை நாடு கடத்த வேண்டா. வரும் பௌர்ணமியன்று அவளைப் பதவி நீக்கி, ஓடத்தில் ஏற்றி அக்கரையில் இறக்கிவிடுவதென்று தங்கள் அவை தீர்ப்பளித்திருப்பதை அறிந்தோம். அந்தத் தீர்ப்பைத் தாங்கள் நிறுத்தியருள வேண்டும். அவள் என்று எழுதுவதைப் பொறுத்தருள்க; அவள் அடியேனின் கடைக்குட்டி வயதினள், அவர் என்று எழுத ஓலையில் கை ஓடவில்லை.

நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எனினும் காரணம் விளங்க ஒருமுறை சொல்வது கடமை. இங்கே எங்கள் மண்டபத்தில் நிற்கும் பெரிய சர்வரிலேதான் எட்டு நாட்டுப் பொதுக் கோப்புறைகளும் இருக்கின்றன. ஆற்றுக்கு அப்பாலிருந்து தங்கள் அலுவலர்கள் தத்தம் மேசையில் அமர்ந்தபடியே நெட்வொர்க் வழியாக அவற்றைத் திறந்து, மருத்துவமனைக் குறிப்புகளையும் அணைநீர் அளவையும் எழுதியும் படித்தும் வந்தார்கள். ஆடி மாதத்தில் அந்தச் சர்வரின் மென்பொருளைப் புதுக்கினோம். மறுநாட்காலை ஏழு நாடுகளுக்குக் கதவு திறந்தது. நீள்கரைக்கு மட்டும், எவர் தட்டினாலும், எத்தனை முறை தட்டினாலும், அனுமதி இல்லை என்ற பதிலே வந்தது.

முன்கூட்டியே அறிவித்தீர்களா என்று தாங்கள் கேட்டு விடுத்த ஓலை கிடைத்தது. அறிவித்தார்களாம். எங்கே அறிவித்தார்கள் என்று மண்டபத்துப் பெரியவர்களைக் கூப்பிட்டு விசாரித்தேன். அந்தப் பொதுக் கோப்புறைக்குள்ளேயே, அதுவும் மென்பொருளைப் புதுக்கி முடித்த பிறகு, ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள். சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியைப் பூட்டின அந்தப் புத்திசாலிகளிடம் அடியேன் சொன்னதை ஓலையில் எழுதலாகாது. அவர்கள் சார்பில் தங்களிடம் மன்னிப்புக் கோருகிறேன்.

பூட்டிய கதவைத் திறக்க மருதவல்லி செய்யாதது ஒன்றுமில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினாள். எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அணைத்து ஏற்றினாள். அலுவலர் அனைவரையும் கடவுச்சொல்லை மாற்றவைத்தாள். பழைய கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டர் நினைவில் பிடித்துவைத்துக்கொண்டு வம்பு செய்கிறதோ என்று அதையும் துடைத்தாள். சர்வரைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தாள். பெயருக்கு மசியாததால் அதன் எண்ணைச் சொல்லியும் அழைத்தாள். எண்ணைச் சொன்னால் பின்வாசல் வழியாக விடுகிற பழைய வழக்கம் ஒன்று இருந்தது. புதிய மென்பொருள் அந்த வாசலையும் அடைத்துவிட்டிருந்தது. கடைசியில் அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைத் தங்கள் அவையினர் கண்டார்கள்.

அதன்பின் நிகழ்ந்ததை நினைத்தால் வருத்தமே மிகுகிறது. மருத்துவமனையில் பிள்ளைத்தாய்ச்சிகளின் குறிப்பு கிடைக்காமல் மருத்துவச்சிகள் பதறினார்கள், அணைக்காவலர் மதகைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் தவித்தார்கள், ஊர் கொந்தளித்தது. ஏழு நாட்டுக்குத் திறக்கும் கதவு நமக்கு மட்டும் ஏன் திறவாது, உள்ளே இருக்கிற எவரோதான் பூட்டியிருக்க வேண்டும் என்று தங்கள் அவை எண்ணியது. பூட்டத் தெரிந்தவள் ஒருத்தியே. அவையில் நிறுத்திக் கேட்டபோது அவள் வாயே திறக்கவில்லை. காரணம் தெரியுமா என்றதற்கும் பதிலில்லை. தெரியாதா என்றதற்கும் பதிலில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவைத்தலைவர் சீறினாராம். அதற்கும் அவள் தரையைப் பார்த்தபடியே நின்றாளாம். அப்படி நிற்பவளைக் குற்றவாளி என்று கருதியதில் அவையைக் குறை சொல்வதற்கில்லை. அடியேன் அங்கே இருந்திருந்தாலும் அப்படியே கருதியிருப்பேன்.

இங்கிருந்து மண்டபத்து அதிகாரி வயிரமேகனாரை அனுப்பினோம். வேலையில் கெட்டிக்காரர், உடல் கனத்தவர், எங்கும் பிந்தி வருவதையே பழக்கமாகக் கொண்டவர். அவர் தங்கள் அலுவலகத்தில் அமர்ந்து, மருதவல்லி பார்த்த அத்தனையையும் மறுபடி பார்த்தார். அண்மையில் ஏதேனும் மாற்றினீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒன்றையும் மாற்றவில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அது உண்மையே. தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம் என்று சொல்லி, வெறுங்கையோடு திரும்பக் கிளம்பினார்.

வழக்கம்போல் ஓடத்துக்குப் பிந்திவிட்டார். ஓடம் போயிருக்கும் என்று தெரிந்தும், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, துறைப்படிகளில் மூச்சிரைக்க ஓடியிருக்கிறார். ஓடம் நின்றுகொண்டிருந்தது. ஓடக்காரர் சிரித்துக்கொண்டே, “ஓடாதீங்க சாமி, விழுந்து தொலைக்கப் போறீங்க! எங்க பாப்பா நேரத்துக்கு இன்னும் நிறைய இருக்கு” என்றாராம்.

தங்கள் துறைக் கடியாரம் அரை நாழிகை பின்னே நிற்பதை எட்டு நாடும் அறியும். ஏன் நிற்கிறது என்பதையும் அறியும். பொன்மதிலில் நீரியல் படித்துவந்த தங்கள் திருமகள், ஊரார் பாப்பா என்றழைத்த இளவரசி குழல்மொழி, விடுமுறைக்கு வீடு திரும்பிய அன்று, எங்கள் கரையில் கடைசி ஓடத்தைத் தவறவிட்டாள். அன்றைக்கு ஓடம் நேரம் தவறாமல் கிளம்பியிருந்தது. அவள் துறைக்கு வந்தபோது அது நடு ஆற்றில் இருந்தது. கூப்பிட்டிருக்கிறாள், காற்றில் கேட்கவில்லை. அம்மா காத்திருப்பாள் என்று சொல்லி ஒரு பரிசலில் ஏறினாள். அதற்கு மேல் அடியேன் எழுதவேண்டியதில்லை. அந்த மாதமே, நீள்கரையின் கடியாரங்கள் அனைத்தும் அரை நாழிகை பின்னே செல்லட்டும், அக்கரையிலிருந்து ஓடிவரும் எந்தப் பிள்ளைக்கும் எங்கள் ஓடம் கிளம்பிவிட்டதாக இருக்கவேண்டா என்று தாங்கள் ஆணையிட்டீர்கள். அந்த ஆணையால் இந்தக் கரையிலிருந்து எத்தனை பேர் வீடு சேர்ந்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

ஓடத்தில் அமர்ந்து மூச்சு வாங்கிய வயிரமேகனார், துறைக் கடியாரம் மட்டும்தானே இப்படி என்று பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். ஓடக்காரருக்குக் கோபமே வந்துவிட்டதாம். “துறைக் கடியாரம் மட்டுமா? அடுப்படிக் கடியாரம், ஆஸ்பத்திரிக் கடியாரம், எம்மருமக ஆபீஸ்ல தட்டுற கம்ப்யூட்டர் எல்லாமே பாப்பா நேரந்தான். அம்மா சொன்னது எல்லாக் கடியாரமும்னு. நாங்க ஒண்ணை விடுவோமா?” என்றாராம். அதைக் கேட்டதும் இவர் மூட்டையை எடுத்துக்கொண்டு, கிளம்பப்போன ஓடத்திலிருந்து குதித்திருக்கிறார். அவர் எடைக்கு ஓடம் ஆடிய ஆட்டத்தில் ஒரு கூடை கத்தரிக்காய் ஆற்றில் போயிற்று. அதன் விலையை நம் கருவூலம் தரும்.

மறுநாட்காலை அலுவலகம் திறக்கும் நேரத்தில் போய் நின்று பார்த்தார். அலுவலர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்; கம்ப்யூட்டரைத் திறந்தார்கள்; சன்னல் வழியே தெரியும் மாடக் கடியாரத்தைப் பார்த்து, அதே நேரத்தைக் கம்ப்யூட்டரிலும் கையாலேயே வைத்தார்கள்; விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியை என்றைக்கோ நிறுத்திவிட்டார்களாம். எதையும் மாற்றினீர்களா என்று கேட்டபோது இதை ஒருவரும் சொல்லாததில் வியப்பில்லை. முகம் கழுவுவதை மாற்றம் என்று யார் சொல்வார்?

கதவு திறவாத காரணம் அதுவே. பழைய மென்பொருள் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கேட்டுவிட்டு உள்ளே விட்டது. வந்தவரின் கடியாரத்தைப் பார்த்ததில்லை. புதியது, வருகிற ஒவ்வொருவருக்கும் நேரம் குறித்த ஒரு சீட்டுக் கொடுக்கிறது. அந்த நேரமும் வந்தவர் கம்ப்யூட்டரின் நேரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால், நேற்றைய சீட்டைக் காட்டி இன்றைய தேரில் ஏற வந்த திருடன் என்று எண்ணி, வாசலிலேயே மறித்துவிடுகிறது. நீள்கரையின் கம்ப்யூட்டர்கள் அரை நாழிகை, அதாவது பன்னிரண்டு நிமிடம், பின்தங்கி நின்றன. ஒரு தாயின் துக்கம் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? அது ஊர் முழுவதையும் திருடர் என்று தள்ளிவிட்டது. நினைக்கையில் அடியேனுக்கு அந்த இயந்திரத்தின் மேலேயே ஆத்திரம் வருகிறது.

வயிரமேகனார், பௌர்ணமிவரை மருதவல்லியை அடைத்துவைத்திருக்கும் சிறைக்கு நேரே போனார். கடியாரம்தான் காரணம் என்று அவளிடம் சொன்னார். அவள் வியப்படையவில்லை. இங்கேதான், நாச்சியார் அவர்களே, அடியேன் நம்பிச் சொன்ன ஓர் இரகசியத்தை வெளியிடுகிறேன். தங்களிடம் சொல்லக்கூடாதென்று அவள் வயிரமேகனாரின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாளாம். அவர் வந்து என்னிடம் சொன்னார், அழுதுகொண்டே சொன்னார். அவள் சொன்னதை ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதுகிறேன்.

“மொத நாளே தெரியும் ஐயா. நேரம் பொருந்தலைன்னு என் மேசைக் கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள ஒரு மூலையில குறிச்சு வச்சிருக்கு, நான் படிச்சேன். சரி, யார் போய் அம்மாகிட்டச் சொல்றது? முள்ளை முன்னால தள்ளுங்கம்மான்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அந்த முள்ளு நகந்தா பாப்பாவ மறுபடி ஓடம் விட்டுட்டுப் போன மாதிரி ஆயிடும். வேற வழி கிடைக்குமான்னு தேடினேன், கிடைக்கல. போறேன் ஐயா. என்னை அனுப்பிட்டா வேற ஆள் வருவாங்க, அவங்க எப்படியாவது சொல்லிக்கட்டும். நான் சொல்ல மாட்டேன்.”

அவள் செய்தது சரியென்று அடியேன் சொல்லமாட்டேன். மருத்துவச்சிகள் பதறிக்கொண்டிருக்கையில் வாய் மூடி நின்றது பெரும் தவறு. அதற்காக அவளைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்ளுங்கள், உரக்கவே கடிந்துகொள்ளுங்கள். நாட்டையே நாளும் காத்த ஒரு பெண்ணுக்கு மருத்துவமனையையும் அணையையும் விடத் தன் தலைவியின் மனம் பெரிதாகப் பட்டுவிட்டது. அவளும் இளவரசியும் ஒரே பாயில் உறங்கி, ஒரே தட்டில் உண்டு வளர்ந்தவர்கள் என்பதைத் தங்களுக்கு எடுத்துச் சொல்ல அடியேன் யார்? பூட்டியவள் என்று பழிசுமந்து போகவும் அவள் துணிந்தாள். தங்களிடம் வந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் துணியவில்லை.

இவையனைத்தையும் மாமன்னரின் திருமுன் படித்துக் காட்டினேன். மண்டபத்துப் பெரியவர்களில் ஒருவர், நீள்கரை தன் கடியாரத்தைத் திருத்திக்கொள்ளட்டும், ஒரு சொடுக்கில் முடிகிற வேலை என்றார். பெற்ற வயிறு வைத்த நேரத்தைத் தவறு என்று சொல்ல இந்த அரியணைக்கு உரிமை இல்லை, கதவைத் திறக்க வேறு வழி சொல்லுங்கள் என்று மன்னர் ஆணையிட்டார். வழி சொன்னவர் வயிரமேகனார்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இரண்டு நேரங்கள் உண்டாம். ஒன்று, உள்ளே ஓடுவது; சர்வர் பார்ப்பது அதைத்தான். மற்றது, திரையில் மனிதருக்குக் காட்டுவது. அது அந்தந்த நாட்டின் வட்டார நேரம். கிழக்கே உள்ள நாட்டுக்கு முன்னே காட்டும், மேற்கே உள்ள நாட்டுக்குப் பின்னே காட்டும், உள்ளே ஓடுவதோ எல்லாருக்கும் ஒன்றே. நீள்கரைக்கென்று ஒரு வட்டார நேரம் இதுவரை இல்லை. ஆகவே தங்கள் அலுவலர்கள் உள்நேரத்தையே பின்னே தள்ளிவிட்டார்கள். மருதவல்லி தேடிக் கிடைக்காத வழி இது. அவளால் கிடைக்கச் செய்யவும் இயலாது. ஏனெனில், நேரங்களின் அட்டவணையில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் உரிமை எட்டு நாட்டிலும் மாமன்னர் ஒருவருக்கே உண்டு.

ஆகவே திருவாணை பின்வருமாறு.

பொன்மதில் பேரரசின் நேர அட்டவணையில், அரை நாழிகை பின்னே செல்லும் வட்டார நேரம் ஒன்று இன்று சேர்க்கப்பட்டது. அதன் பெயர் குழல்மொழி நேரம். நீள்கரையின் மாடக் கடியாரமும், துறைக் கடியாரமும், அடுப்படியும், மருத்துவமனையும், கம்ப்யூட்டர்களின் திரையும் இப்போது காட்டும் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்க. ஒரு முள்ளும் நகர வேண்டா. கம்ப்யூட்டர்களின் உள்நேரம் மட்டும் பொன்மதிலோடு பொருந்துக. இதுநாள்வரை நீள்கரையின் நேரம் அன்பினால் பிழையாக வைத்த நேரமாயிருந்தது. இன்றுமுதல் அது அரசு ஏற்ற நேரம், அதைத் தவறு என்று சொல்வாரை எட்டு நாட்டு நீதிமன்றங்களும் கேள்வி கேட்கும். பொன்மதில் கரையிலுள்ள எங்கள் ஓடங்களும் இனி அந்நேரத்துக்கே கிளம்பும். மருதவல்லி சிறைநீங்கித் தன் பதவியில் அமர்க. இவ்வேலையை அவளே தன் கையால் செய்து முடிக்க.

வேலை எளிது. வயிரமேகனார் முறையைத் தனி ஏட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறார். அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். மருதவல்லிக்குப் பழக்கம், படித்துக்கொள்வாள். முடித்தபின் கோப்புறையைத் தட்டட்டும், திறக்கும். திறவாவிட்டால் வயிரமேகனாரை மறுபடி அனுப்புகிறேன். கத்தரிக்காய்க் கூடைகளை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஆற்றில் நீர் உள்ளளவும், நீரில் ஓடம் உள்ளளவும் தங்கள் குடை நிழல் நீள்க. நீள்கரையும் பொன்மதிலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாய் வாழ்க. மன்னரின் வலம்புரி முத்திரை அரக்கில் பதிந்து, பேரமைச்சன் கைச்சாத்துடன் இவ்வோலை பௌர்ணமிக்கு முன் தங்கள் கையில் சேரும்படி விடுக்கப்பட்டது. ஆணை நிறைவேறுக.

முத்திரைக்குக் கீழே, அரசாணையில் சேராத ஒரு வேண்டுகோளை என் கைப்பட எழுதுகிறேன்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முதலில் உள்நேரத்தைச் சரிசெய்த பிறகுதான் குழல்மொழி நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமாம். இடையில் கண்மூடித் திறக்கும் பொழுதுக்குத் திரையில் பொன்மதிலின் நேரம் வந்து நிற்கும். நம் பிள்ளையின் நேரம் இராது. எத்தனை மேசைகள் உண்டோ அத்தனை முறை அது நேரும். எந்தக் கணத்தைத் தங்களுக்குக் காட்டக்கூடாதென்று அவள் நாடு துறக்கவும் துணிந்தாளோ, அந்தக் கணத்தை அவள் ஒவ்வொரு மேசையிலும் தனியே பார்க்க வேண்டியிருக்கும். அப்போது அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, தாங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள் அம்மா.